வேலைக்குப் போக ஒரு சீட்

ஜனவரி 11

நெட்டைக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் கப்பல் எந்தக் கடலில் மிதக்கிறதோ, அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உன் குரல் தண்ணீருக்குள் போய்விடுகிறது. அதனால் பழையபடி கடிதம்தான். அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் உன் கையில் சேர்த்துவிடுவாராம்.

நல்ல செய்தி முதலில். கேப்டன் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது, மூன்றாவது இடத்தில். ஒன்பது வருஷம் துணை விமானியாக வலது பக்கம் உட்கார்ந்தாயிற்று. ஜூலையில் தேர்வு. தேறினால் இடது பக்கம்.

இன்னொரு செய்தி. எங்கள் ஊர்த் தளத்தைக் கம்பெனி மூடிவிட்டது. இனி என் விமானங்கள் தலைமைத் தளத்திலிருந்துதான் கிளம்பும். இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம், ரயிலில் பதினொரு மணி நேரம். அங்கேயே குடிபோகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நாலு மிஷினு, மூணு பொம்பளைங்க, எழுநூறு பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட அளவு. இதையெல்லாம் தூக்கிக்கிட்டு நான் எங்க வர்றது? நீ பறக்குறவ, நீ போயிட்டு வா."

ஆகவே போய்ப் போய் வருகிறேன். கம்பெனி விமானங்களில் காலியாக இருக்கும் சீட்டில் எங்களை ஏற்றிக்கொள்வார்கள். முன்பு அதற்கென்று ஒரு அம்மாள் இருந்தார். போன் போட்டால், "ஏழு மணி விமானத்துல பேர் எழுதிட்டேன், சாப்பிட்டு வாங்க" என்பார். இப்போது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். அது சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. மற்றபடி குறையில்லை.

கவனமாக இரு.
உன் அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

உடம்பு தேவலாம். இன்ஜின் ரூம்ல நாற்பத்தஞ்சு டிகிரி. சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி நிரம்பும். அதைத் தவிர சுகத்துக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தை நான் படிக்கிறதுக்குள்ள இன்ஜின் ரூமே படிச்சிடுச்சு. நான்தான் சத்தமாப் படிச்சேன்னு வெச்சுக்கோ. "மூணாம் இன்ஜினியரோட அக்கா கேப்டன் ஆகப்போறாங்க"ன்னு சமையல்கட்டு வரைக்கும் சேதி போயாச்சு. எங்க கேப்டன் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, "உங்க அக்கா எத்தனை டன் ஓட்டுறாங்க?"ன்னு கேட்டாரு. எழுபதுன்னேன். "நம்மளுது எண்பதாயிரம்"னு மீசையைத் தடவினாரு. "ஆனா சார், நம்மளுது மேல போகாது"ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

ஒண்ணு கேக்கறேன், பதில் எழுது. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒன்றரை மணி நேரப் பயணம்னா, நீ எப்பத் தூங்கற? அம்மாவோட முழங்கால் எப்படி இருக்கு?

தம்பி


மார்ச் 2

நெட்டைக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. வானிலை அறிக்கையைவிடத் துல்லியம்.

நீ சிரிக்க ஒன்று எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை வீடு திரும்ப ஆப்பில் சீட் கேட்டேன். பச்சை டிக் விழுந்தது. எந்த விமானம் என்று பார்த்தால், அன்று மத்தியானம் நானே ஓட்ட வேண்டிய விமானம். எனக்கு இருபத்து மூன்றாவது வரிசையில் ஜன்னலோர சீட்! ரத்து செய்யப் பார்த்தேன், பட்டன் வேலை செய்யவில்லை. நான் காக்பிட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன், வாசலில் மைக்கில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், "கடைசி அழைப்பு" என்று. பக்கத்தில் இருந்த கேப்டன், "போயிட்டு வந்துடுங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார்.

அதோடு விட்டதா? விமானத்துக்கு வராத பயணி என்று என்னைக் குறித்துக்கொண்டு, மூன்று நாளைக்குச் சீட் கிடையாது என்று தடை போட்டுவிட்டது. அந்த விமானத்தை ஓட்டிப் போய் இறக்கியதே நான்தான் என்று யாரிடம் சொல்ல? உதவிக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுதினால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வருகிறது.

சில நாள் பச்சை டிக் இருந்தும் வாசலில் இருக்கும் பட்டியலில் என் பெயர் இருப்பதில்லை. கெஞ்சிக் கூத்தாடி, காக்பிட்டில் இருக்கும் மடக்குச் சீட்டில் இடம் பிடித்துப் போய்விடுகிறேன். சமாளிக்கிறேன்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

இங்க சுகம், அங்க சுகம்தானே?

இருபத்து மூணாவது வரிசைக் கதையைச் சொன்னதுல ரெண்டு பேருக்குப் புரை ஏறிடுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வேலை முடிச்சு வந்து மறுபடி படிச்சப்போ அவ்வளவா வரல. நீ எப்பத் தூங்கறன்னு கேட்டிருந்தேன். அம்மா முழங்காலுக்கு அரைப் பத்தி எழுதியிருக்கே. அதுக்கு ஒரு வார்த்தை இல்ல.

எங்க இன்ஜின் ரூம்ல ஒரு அலாரம் இருக்கு. ஒண்ணுமே இல்லாம அடிக்கும். எங்க சீஃப் இன்ஜினியர், அது அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தேதி, மணி போட்டு எழுதச் சொல்வாரு. எதுக்கு சார்னு கேட்டா, "கம்பெனிக்குக் காது கிடையாது தம்பி, கண்ணு மட்டும்தான்"பாரு. அது ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதான்.

தூங்கு.
தம்பி


ஏப்ரல் 22

நெட்டைக்கு,

நலம். அம்மாவும் நலம். வெயில் அதிகம். அம்மாவுக்கு இரண்டு புதுப் பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது, வீடு முழுக்க நீலத் துணி. தேர்வு ஜூலையில் நடக்குமா என்று தெரியவில்லை, கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதனால் ஒன்றும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 9

என் மகனுக்கு அம்மா எழுதறது.

நீ வேளைக்குச் சாப்பிடறியா? எனக்கு எழுதிப் பழக்கமில்ல, எழுத்து கோணலா இருந்தா தலையைச் சாய்ச்சுப் படி.

பாப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டா. என்கிட்டயே சொல்லல. கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்துச்சு. துணிக்கடைக் கவர்னு நினைச்சுப் பிரிச்சேன். பிரிச்சது தப்புதான். படிச்சதும் தப்புதான். ரெண்டு தடவை படிச்சேன்.

போன மாசம் பதினாறாம் தேதி, விடிஞ்சதும் ஏர்போர்ட்டுக்குப் போனா. மறுநாள் காலையில அங்க வேலை, முந்தின நாளே போய்த் தூங்கி எழுந்திரிக்கலாம்னு. அந்த போன்ல மூணு விமானத்துக்கும் டிக் விழுந்திருக்கு. மூணு வாசல்லயும் உங்க பேரே இல்லைன்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பார்த்துட்டு ரயில் ஏறியிருக்கா. பதினொரு மணி நேரம், நின்னுக்கிட்டே. வேலை நேரத்துக்குச் சரியாப் போய்ச் சேர்ந்துட்டா. சேர்ந்துட்டு, கையெழுத்துப் போடற இடத்துல, "நான் ஒரு நாள் முழுக்கத் தூங்கல, இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது"ன்னு சொல்லியிருக்கா.

வேற ஆள் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆச்சாம். நூத்தி அறுபத்தெட்டு பேர் காத்திருந்தாங்களாம். அதுக்காக, வேலைக்கு வந்தும் வேலை செய்ய மறுத்தாங்கன்னு குற்றம் எழுதி, கேப்டன் பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டாங்க. ஆகஸ்ட்ல விசாரணை.

அவ வந்தப்போ கவரைக் கையில கொடுத்தேன். "அம்மா, அன்னிக்கு நான் ஓட்டியிருக்கணுமா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "தூக்கக் கலக்கத்துல கத்தரி பிடிச்சா நான் துணியைத்தான் வெட்டுவேன். நீ பிடிக்கிறது கத்தரி இல்லை." அப்புறம் பொத்தான் தைக்க உக்காந்தா, நாற்பது சட்டைக்குத் தைச்சா.

அவளுக்கு எழுது. நான் சொன்னேன்னு சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்ல.

அம்மா


ஜூன் 3

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும். யார் சொன்னாங்கன்னு கேக்காதே, எழுத்து கோணலா இருந்துச்சு.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதுக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி, பழைய கப்பல்ல, ஜெனரேட்டர் ரிப்பேர். பத்தொன்பது மணி நேரம் நின்னுட்டேன். மேல இருந்து கேட்டாங்க, "இன்னும் முடியுமா?" "முடியும் சார்"னேன். முடியாதுன்னு சொல்ல வெக்கம். அப்புறம் மூட வேண்டிய வால்வை விட்டுட்டுப் பக்கத்து வால்வைத் திறந்துட்டேன். நீராவி. அந்தப் பக்கம் குனிஞ்சுக்கிட்டிருந்த ஆயில்மேனுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. வால்வு இறுக்கமா இருந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்ல. "நீங்களும் எவ்வளவு நேரம் தம்பி நிப்பீங்க"ன்னாரு.

அந்த மூணு வார்த்தை, "இன்னிக்கு என்னால முடியாது", என் வாய்ல வரல அக்கா. உன் வாய்ல வந்திருக்கு. ஊரே பார்க்க, பதவி கையெட்டுற தூரத்துல இருக்கும்போது வந்திருக்கு. இவ்வளவு நாளா என் அக்கா விமானம் ஓட்டுறான்னு பெருமையடிச்சேன். இப்ப, ஓட்ட மாட்டேன்னு சொன்னான்னு பெருமையடிக்கிறேன்.

பதில் உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எழுது.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எடுத்துப் படித்தேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. உன் கடிதத்தைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும். ஒன்று மட்டும்: அந்த வால்வைத் திறந்தது என் தம்பி. அதை எனக்கு எழுதியதும் என் தம்பிதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

அன்றைய கதையை நானே சொல்கிறேன். மறுத்தது கஷ்டமாக இல்லை. கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருந்தது, எரிபொருள் கணக்கில் ஒரே எண்ணை மூன்று தடவை தப்பாகப் படித்தேன். வேறு வழியே இல்லை. கஷ்டம் அதற்கப்புறம்தான். ஓய்வறைக்குப் போக வேண்டுமானால், காத்திருக்கும் பயணிகள் நடுவில்தான் வழி. சீருடையோடு நடக்கிறேன். ஒரு பெரியவர், "பாருங்க, இவங்களாலதான் லேட்டு" என்று கையைக் காட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. நில்லாமல் நடந்தேன். தலையைக் குனியவில்லை. ஓய்வறைக் கதவைச் சாத்திய பிறகுதான் தொப்பியைக் கழற்றினேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், உன் இன்ஜின் ரூம் முழுக்க என்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டிருந்ததே, அதனால்தான்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, விமானம், டிக் விழுந்த நேரம், வாசலில் இல்லை என்று சொன்ன நேரம். உங்கள் சீஃப் சொன்னதைத்தான் செய்தேன். ஓய்வறையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர் எட்டிப் பார்த்து, "எனக்கும் நேத்து இதே கதை, எழுதிக்கங்க" என்றார். இப்போது முப்பத்தெட்டு விமானிகள். பாதிப் பேர் வாடகைக்கு ஒரு கட்டில் பிடித்துத் தளத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். ஒருவர் மகளின் பள்ளிக்கூட விழாவை மூன்றாவது தடவையாகத் தவறவிட்டிருக்கிறார். வாயைத் திறந்தால் பட்டியலில் பெயர் போய்விடும் என்று எல்லோரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் ஏழில் விசாரணை.

அக்கா


ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். நேற்று விசாரணை முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர்: ஆபரேஷன்ஸ் மேனேஜர், பணியாளர் பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி, ஆப்பைக் கவனிக்கும் கண்ணாடிக்காரர். இந்தப் பக்கம் நான், என் நோட்டு.

"வேலைக்கு வந்து சேர வேண்டியது உங்க பொறுப்பு. ஒத்துக்கறீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஒத்துக்கறேன் சார். அதான் வந்து சேர்ந்தேன்."

"சேர்ந்துட்டு ஓட்ட மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

நோட்டை நகர்த்தினேன். நூற்றுப் பத்து நாளில் இருநூற்றுப் பதினேழு தடவை. கண்ணாடிக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்னக் கோளாறு. ஆயிரத்துல ஒண்ணு" என்றார்.

நோட்டை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான், நெட்டை. வெள்ளிக்கிழமை சாயங்கால விமானங்களில் பயணிகள் கடைசி நேரத்தில் சீட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படி மாற்றும்போதெல்லாம் எங்கள் பெயர் பட்டியலில் இருந்து நழுவிவிடுகிறது. மூன்றுக்கு இரண்டு தடவை. நேற்று வெள்ளிக்கிழமை. மேனேஜரும் வாராவாரம் எங்களைப் போலத்தான் ஊருக்குப் போகிறார்.

"சார், இன்னிக்கு ஊருக்குப் போறீங்களா?"

"போறேன். அதுக்கென்ன?"

"சீட் போட்டாச்சா?"

போனைத் திருப்பிக் காட்டினார். அழகான பச்சை டிக்.

"வாசலுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமா சார்?"

அவர் தயங்குவதற்குள் அந்தப் பெண்மணி மேஜை போனில் எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். மேனேஜர் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் தட்டச்சு சத்தம். "அந்தப் பேர்ல யாரும் இல்ல சார். விமானம் ஃபுல்."

"நான் யாரு தெரியுதா?"

"தெரியுது சார். ஆனா லிஸ்ட்ல நீங்க இல்லையே சார்."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக. அந்தப் பெண்மணி மட்டும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, ரொம்ப நேரம் குனிந்து தேடினார்.

பிறகு மேனேஜர், "சரி, ஆப் மேல தப்பு இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்போ உங்க மேல தப்பே இல்லைங்கறீங்க?" என்றார், கோபமில்லாமல்.

"ஆப் தப்பு பண்ணினது வேற சார். நான் ஓட்டலைன்னு சொன்னது வேற. ஆப் சரியா இருந்து, வேற எந்தக் காரணத்துக்காக நான் தூங்காம வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நாளைக்கும் சொல்லுவேன். அதுக்குத் தண்டனை உண்டுன்னா கொடுங்க. ஆனா ஒருத்தருக்குத் தண்டனை கொடுத்தா, மத்த முப்பத்தேழு பேரும் கண்ணைக் கசக்கிக்கிட்டே ஓட்டுவாங்க."

முடிவைக் கடிதத்தில் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்ன வரும் என்று தெரியாது. ஆனால் நிம்மதியாக இருக்கிறது.

நீ நலமா? அம்மா நலம்.

அக்கா


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

பதினெட்டு நாளா நங்கூரம் போட்டு நிக்கிறோம். துறைமுகத்துல இடம் இல்லையாம். எங்களுக்கும் சீட் கன்ஃபர்ம் ஆகல போல. உடம்பு சுகம்.

மேனேஜர் கதையை நாலு தடவை படிச்சுக் காட்டியாச்சு. "லிஸ்ட்ல நீங்க இல்லையே சார்" இங்க பழமொழி ஆயிடுச்சு. தினம் யாராவது ஒருத்தர், "அக்காவுக்கு முடிவு வந்துச்சா?"ன்னு கேக்கறாங்க.

அப்புறம், நான் சீஃப்கிட்டப் போய் அந்த வால்வு விஷயத்தைச் சொல்லிட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சா?"ன்னாரு. ஆமான்னேன். ஒரு பேப்பரை எடுத்து முன்னால வெச்சாரு. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டாம் இன்ஜினியர் பதவி இந்த வருஷம் கிடைக்காது. ஆயில்மேனுக்கும் தனியா ஒரு கடிதம் போட்டிருக்கேன். பதில் வரல. வரணும்னு இல்ல.

நீ செஞ்சதைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்தா, அப்புறம் என்ன தம்பி.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதத்தைப் படித்து அம்மா கொஞ்சம் அழுதாள், பிறகு மூன்று தெருவுக்குச் சொன்னாள். உன்னை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

முடிவு வந்துவிட்டது. இந்தத் தடவை அம்மா கவரைத் தெரிந்தேதான் பிரித்தாள். குற்றச்சாட்டு வாபஸ். ஆப்பைச் சரிசெய்யும் வரை, மூன்று பேர் கொண்ட போன் மேஜை மறுபடி வருகிறது. பழைய அம்மாளைக் கூப்பிட்டார்களாம், பேரனைப் பார்த்துக்கொள்வதால் வரமாட்டேன் என்றுவிட்டார். தளத்தில் எப்போதும் மாற்று விமானிகள் தயாராக இருப்பார்கள். உடம்புக்கோ தூக்கத்துக்கோ முடியவில்லை என்று சொன்னவரிடம் அன்றைக்கு யாரும் விளக்கம் கேட்கக் கூடாது என்று ஒரு புது விதி.

ஜூலைத் தேர்வு போனது போனதுதான். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இருவர் முன்னால் போய்விட்டார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு நவம்பரில்.

அக்கா


டிசம்பர் 19

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஜனவரிக் கடைசியில் இறங்குகிறாய் என்று ஏஜென்ட் சொன்னார். அம்மா அதற்குள் உனக்கு நாலு சட்டை தைத்துவிட்டாள். நீ வளர்ந்திருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில்.

தேறிவிட்டேன். மூன்று வாரமாக இடது பக்கம். தோளில் நாலு பட்டை. அம்மா தடவிப் பார்த்து, "தையல் சுமார்தான்" என்றாள். பிறகு அந்தச் சட்டையை யாரையும் தொட விடவில்லை.

முந்தாநாள் நடந்ததைத்தான் எழுத வந்தேன். தளத்தில் மாற்று விமானியாக உட்கார்ந்திருந்தேன். காலை பத்தரைக்கு போன்: "கேப்டன், ஏழாம் வாசலுக்கு வர முடியுமா? உள்ள இருக்கற கேப்டன் இறங்கறாரு."

போனேன். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். எங்கள் கம்பெனியில் அவரைத் தெரியாத ஆளில்லை. அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை, இரண்டு நாளாக ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் பார்த்ததெல்லாம், விமானத்தின் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்ததைத்தான். நான் வரும் வரைக்கும் போகாமல் நின்றிருக்கிறார். உதவியாளர்கள், துணை விமானி, ஏறிக்கொண்டிருந்த பயணிகள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விமானம் பன்னிரண்டு நிமிஷம்தான் தாமதம்.

எரிபொருள் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு என்னால முடியாது, கேப்டன். விமானம் உங்களுது" என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு, பயணிகளுக்கு வழிவிட்டு, நிமிர்ந்தபடியே இறங்கிப் போனார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா